தேவதூதன் சிறகில் ஐந்து கிலோ பட்டி

ஏணியண்ணன் என்று சொன்னால்தான் அவரைத் தெரியும். ஆளே ஓர் ஏணி. அவர் குனிந்து நம்மிடம் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நாம் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். முப்பத்திரண்டு வருஷமாக லுத்தரன் பேராலயத்தில் தூசி தட்டுவது, விளக்கு ஏற்றி இறக்குவது, மணிக்கு எண்ணெய் விடுவது எல்லாம் அவர்தான்.

பேராலயம் வெளியே செங்கல் மலை. உள்ளே சுவரெல்லாம் வெள்ளை. அதில் பாதி நான் அடித்தது, கண் கூசினால் என்னைத் திட்டுங்கள். பிரசங்க மேடைக்கு மேலே மரத்தில் செதுக்கிய பெரிய குடை ஒன்று உண்டு. போதகரின் குரல் கூரைக்குப் பறந்துவிடாமல் தட்டிக் கீழே அனுப்புவது அதுதான். அதனால் கடைசி வரிசையில் தூங்குகிறவனுக்கும் நிம்மதி கிடையாது.

ஆனால் வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பது தேவதூதனைத்தான். ஆள் உயர மரச் சிற்பம், சிறகை விரித்துக்கொண்டு கூரையிலிருந்து தொங்கும். ஞானஸ்நானம் என்றால் கையில் கிண்ணம் ஏந்தி மெதுவாக இறங்கி வரும். மச்சுக்கு மேலே ஒரு பெட்டி நிறையக் கல். தூதனும் அந்தக் கல்லும் கப்பியில் சரிக்குச் சரி எடை. தூண் பக்கத்து முளையில் கட்டியிருக்கும் கயிற்றை அவிழ்த்து, ஏணியண்ணன் ஒற்றை விரலால் இழுப்பார். தூதன் மேலே போகும், கீழே வரும். அந்த விரலுக்கு ஊரில் தனி மரியாதை.

சிறகைப் பூச்சி அரித்துவிட்டதென்று என்னைக் கூப்பிட்டார்கள். ஓட்டையில் மரத்தூளும் பசையும் அடைத்து, காயவைத்து, மேலே தங்க ரேக்கு ஒட்ட வேண்டும். மரத்தூள் காய ஒரு வாரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் இருந்தது. சுவரை மட்டப்படுத்தப் பூசிய பட்டி மாவு இரண்டு டப்பா, ஐந்து கிலோ, மிச்சம் இருந்தது. அது ஒரே நாளில் கல்லாகிவிடும். சிறகோ குண்டோதரன் மாதிரி இரண்டு டப்பாவையும் விழுங்கியது. மேலே தங்கத்தை ஒட்டி மூடிவிட்டேன். ஏணியண்ணன் மாசமாக இருந்த மகளைப் பார்க்கப் போயிருந்ததால், சனிக்கிழமை நானும் என் ஆட்கள் இரண்டு பேரும் சேர்ந்து தூதனை மேலே ஏற்றிக் கட்டினோம். கை வலித்தது. பசி என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை ஏணியண்ணன் கேட்டார். "டேய், கனம் ஏதாவது ஏத்தினியா? ஏத்தியிருந்தா சொல்லு, மேல கல்லு போடணும்."

"ஒரு ஈ உக்காந்த கனம்கூட இல்லண்ணே!"

முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்தார். தூதன் இறங்கவில்லை, பாய்ந்தது. அவர் இரண்டு கையாலும் கயிற்றைக் கவ்வினார், உள்ளங்கைத் தோல் உரிந்தது. கிண்ணம் பறந்து ஆர்கன் அடியில் போய் உருண்டது. தூதனின் கால் கட்டைவிரல் தூணில் மோதி உடைந்தது. குழந்தை தூரத்தில் இருந்ததால் தப்பியது. "வயசாச்சு, கை நழுவிடுச்சு" என்று சபைக் குழுவே முடிவு கட்டி, தூதனைத் தாழவே கட்டிப்போட்டுவிட்டு, அவரிடமிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டது.

நான் வாய் திறக்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. அடுத்த நாள் சலூனில் அவரைப் போலவே கையை உதறி, கண்ணை உருட்டி நடித்துக் காட்டினேன். ஒருவன் சிரித்துப் புரையேறி, பாதி ஷேவிங்கோடு எழுந்து ஓடினான். ஒரே வாரத்தில் ஏணியண்ணனுக்கு 'நழுவல்' என்று பேர் விழுந்தது. வைத்தது நான்தான்.

இரண்டு மாசத்தில் அவருக்குப் பேத்தி பிறந்தாள். அந்தப் பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மகள் என்னிடம் வந்தாள்.

"சித்தப்பா, நீங்க சொன்னா அப்பா கேப்பாரு. பாப்பாவுக்கு நாலு மாசம் ஆச்சு, இன்னும் தூக்கல. கைய பின்னால கட்டிக்கிட்டு எட்ட நின்னு பாக்குறாரு. 'என் கைய நம்பாதம்மா, நழுவிடும்'ங்கிறாரு."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் ஒரு பானைச் சோறு தின்கிற ஆள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் போய், சிறகில் பட்டியை அடைத்துக் கனம் ஏற்றியது நான்தான் என்று சொன்னேன். போதகர் சிரிப்பை அடக்கினார். சபைக் குழுத் தலைவர் அடக்கவில்லை.

"போன வாரம் பூனை ஆர்கன் வாசிச்சுதுன்ன. இந்த வாரம் இதுவா?"

"அது புளுகுங்க. இது நிஜம்."

"உன் வாயில நிஜமா? வழி தவறி வந்திருக்கும்!"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. ஏணியண்ணன்கூடச் சிரித்தார். "என்னைக் காப்பாத்தப் பழியத் தன் மேல போட்டுக்கிறான் பாவம்" என்றார். செருப்பால் அடித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

பையிலிருந்து பட்டித் தகட்டை எடுத்து, நான் ஒட்டிய தங்கத்தை நானே கிழித்தேன். தலைவர் "ஐயோ" என்று அலறினார். கட்டி கட்டியாக வாளியில் போட்டேன். சிறகு சல்லடை ஆனது. வாளியைத் தலைவர் கையில் கொடுத்தேன், அவர் தோள் ஒரு பக்கம் சாய்ந்தது. அப்புறம் சிரிப்பு நின்றது.

"அண்ணே, வாங்க. ஒத்த விரல்."

"வேணாம்டா. விழுந்துடும்."

"விழுந்தா என் தலையில விழட்டும்" என்று நேரே தூதனுக்கு அடியில் போய் நின்றேன்.

அவர் கயிற்றை அவிழ்க்க வெகு நேரம் ஆனது. ஒற்றை விரலால் ஒரு இழுப்பு. தூதன் மேலே போனது. என் தலைக்கு மேலே ஓட்டைச் சிறகோடு கூரை வரை போய், பூப்போலத் திரும்பி வந்து, என் தலைமயிரைத் தொடாமல் நின்றது.

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கையைச் சட்டையில் மூன்று முறை துடைத்துவிட்டு மகளிடமிருந்து குழந்தையை வாங்கினார். அது அந்த நெட்டை மனுஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேராலயமே அதிர வீறிட்டது.

"என்னைத் தெரியலடா அதுக்கு" என்றார் என்னிடம்.

நான் குனிந்து தரையில் கிடந்த தங்கத் துணுக்குகளைப் பொறுக்கினேன்.

இப்போது சிறகில் மரத்தூள் அடைக்கிறேன். தினம் ஒரு பிடிதான். அடைக்கும் முன் தராசில் நிறுத்து அவரிடம் காட்டுகிறேன். அவர் கேட்பதில்லை, பார்ப்பதும் இல்லை. இடுப்பில் பேத்தியை வைத்துக்கொண்டு வேறு பக்கம் போகிறார். சலூனில் இன்னும் 'நழுவல்' என்றுதான் சொல்கிறார்கள். அது என் பேர் என்று எத்தனை முறை சொன்னாலும் சிரிக்கிறார்கள்.