ராசாத்தி சொன்ன படம்

வீட்டில் ஒரு பேச்சுக்குரல் இருக்கட்டும் என்பதற்காகத்தான் டிவியைப் போட்டுவைக்கிறேன். அவர் போய் நாலு வருடமாகிறது. மகன் பெங்களூரில். முந்தாநாள் மதியம் டீக்கு ஏலக்காய் தட்டிக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து ஓர் இருமல் கேட்டது, இருமியே ஆளை மிரட்டுகிற இருமல். “அட, ராசாத்தி!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். போய்ப் பார்த்தால் கறுப்பு வெள்ளைப் படம், அந்தக் காலத்து வில்லன் நடிகர்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருடம் போடியில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில், அதாவது சரக்குக் குடோனில், காய் பிரித்தவள் நான். பன்னிரண்டு பெண்கள் வட்டமாகத் தரையில் உட்கார்ந்து, வெடித்ததையும் வெளுத்ததையும் பொறுக்கித் தள்ளுவோம். கைக்குத்தான் வேலை, வாய் சும்மா இருக்கும். அதனால் திங்கட்கிழமைதோறும் அங்கே படம் ஓடும். ஞாயிற்றுக்கிழமை மாட்டினி பார்த்த படத்தை ராசாத்தி முதலிலிருந்து சொல்லுவாள். பார்த்தவர்களும் பார்க்காத மாதிரி கேட்பார்கள். நிஜமாகவே பார்க்காத ஒரே ஆள் நான். அப்பா சபையில் உபதேசியார், எங்கள் வீட்டில் சினிமா பாவம். பார்ப்பதுதான் பாவம், கேட்பதைப் பற்றி வேதத்தில் ஒன்றுமில்லை என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

வில்லன் வந்தால் ராசாத்திக்கு ஒரு பக்கப் புருவம் மட்டும் ஏறும், அந்த மிரட்டல் இருமலும் வரும். சிரிப்பு நடிகருக்காக முறத்தைத் தொப்பியாகக் கவிழ்த்துக்கொள்வாள், ஒருநாள் தலையெல்லாம் ஏலக்காய். அம்மா நடிகைக்கு மட்டும் ஒன்றும் செய்யமாட்டாள். முந்தானை நுனியை விரலில் சுற்றியபடி எங்கேயோ பார்ப்பாள், நாங்கள் மூக்கைச் சிந்துவோம். பிற்பாடு அந்த நடிகர்களை டிவியில் பார்த்தேன். மகா நடிகர்கள்தான், சந்தேகமேயில்லை. ஆனாலும் எல்லாரும் ராசாத்தியைப் பார்த்துத்தான் நடிக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றும்.

அவளுக்கு ஒரே தொந்தரவு பேச்சியக்கா. ஒரு சின்னப் பிசகையும் விடமாட்டாள்.

“தப்பாச் சொல்ற. அங்கன அவுக பச்சச் சேலையில்ல கட்டியிருந்தாக!”

“கறுப்பு வெள்ளப் படத்துல ஒனக்கு மட்டும் பச்ச தெரிஞ்சுச்சாக்கும்?”

“தெரிஞ்சுச்சு. இப்ப என்னங்கிற?”

அம்மா தேனியில் ஆஸ்பத்திரியில் கிடந்த சமயம் அது. நான் பகலில் வேலை, சாயங்காலம் பஸ் ஏறி அம்மாவிடம் போவேன். அந்தத் திங்கட்கிழமைப் படத்திலும் ஓர் அம்மா படுக்கையில் கிடந்தாள். மகள் கொட்டுகிற மழையில் மருந்தோடு ஓடி வருகிறாள். அந்த இடத்தில் ராசாத்தி நிறுத்தினாள்.

“அப்பறம்?” என்றேன்.

என்னைப் பார்த்தாள். “அப்பறமென்ன, மக மருந்தக் குடுத்தா. அவுக எந்திரிச்சு உக்காந்துட்டாக.”

பேச்சியக்கா தலை நிமிராமல் காய் பொறுக்கிக்கொண்டே, “ஆமாத்தா, பொழச்சுக்கிட்டாக” என்றாள்.

அன்று சாயங்காலம் அந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். உபதேசியார் மனைவி சினிமாக் கதை கேட்டது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். “கடேசில பொழச்சாகளா?” என்று கேட்டாள். “பொழச்சாகம்மா” என்றேன். அம்மா சிரித்தாள். நான் அந்த முடிவை அப்படியே நம்பினேன். அந்த மாதம் முடியுமுன் அம்மா போய்விட்டாள்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் ராசாத்தி தயங்கி நின்றாள். எனக்கு என்ன ஆத்திரமோ, “ஒன் படத்துல மட்டுந்தான் பொழப்பாகளோ?” என்று கேட்டுவிட்டேன். அவள் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு கிட்டங்கியில் என் பக்கத்தில் உட்காரவில்லை. படம் சொல்லுவதையும் விட்டுவிட்டாள். திமிர் என்று நினைத்தேன். கல்யாணத்துக்கு மற்ற எல்லாருக்கும் பத்திரிகை வைத்தேன், அவளுக்கு வைக்கவில்லை.

முந்தாநாள் டிவியில் ஓடியது அந்தத் திங்கட்கிழமைப் படம்தான், முதல்முறையாகப் பார்த்தேன். மழையில் மகள் ஓடி வந்தாள். அந்த அம்மா நடிகை எழுந்து உட்காரவில்லை, வசனமும் பேசவில்லை. விரலில் சுற்றியிருந்த முந்தானை மெல்ல அவிழ்ந்தது, அவ்வளவுதான். நடிப்பென்றால் அது நடிப்பு. அதைப் பார்த்த பதினோரு பேரும், பச்சைச் சேலைக்குச் சண்டைக்கு நின்ற பேச்சியக்கா உட்பட, எனக்காக அன்றைக்கு அந்த அம்மாவைப் பிழைக்கவைத்திருக்கிறார்கள். டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் அழுதுகொண்டிருந்தேன்.

நேற்றுக் காலை போடிக்குப் போனேன். கிட்டங்கி இருந்த இடத்தில் செல்போன் கடை. தியேட்டர் கல்யாண மண்டபமாகிவிட்டது. டீக்கடைக்காரர் யோசித்துச் சொன்னார்: “ராசாத்தியா? மலைக்கு அங்கிட்டு எஸ்டேட்டுக்குப் போனாக. அங்கனயே எறந்துட்டாகன்னு கேள்விப்பட்டேன், வருசமாச்சு.”

திரும்பி வந்து டிவியைப் போட்டுக்கொண்டேன். அந்தப் படத்தில் அம்மா பிழைத்தாளா என்று யாராவது கேட்டால், பிழைத்துவிட்டாள் என்றுதான் சொல்வேன். கேட்கத்தான் யாரும் இல்லை.