மனுவும் அவரே, பதிலும் அவரே

வைத்தீஸ்வரனைப் பற்றி யாராவது நல்லபடியாகப் பேசினால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன். கல்கத்தா பவானிபூரில் அவர் வீட்டு மெஸ்ஸில் மூன்று வருஷம் சாப்பிட்டவன் நான். அந்தச் சாப்பாடு எப்படிப் போயிற்று என்பதைச் சொல்லப்போகிறேன். சோற்று விஷயம், அதனால் கொஞ்சம் கோபமாகத்தான் சொல்வேன்.

நான் பேங்கு குமாஸ்தாவாகக் கல்கத்தாவுக்கு வந்தது 1909இல். மெஸ் இருந்த சந்தின் கிழக்கு முனையில் ஒரு கல்லூரி இருந்தது. பெயர் வேண்டாம், பதில் எழுதும் பழக்கத்தை அவர்கள் இன்னும் விடவில்லை. கல்லூரியிலிருந்து டிராம் ரோடு வரைக்கும் சின்னச் சின்னக் கடைகள். காலையில் செருப்புகூடப் போட்டுக்கொள்ளாமல் கிளம்பினால் நூறு தப்படிக்குள் எல்லாக் காரியமும் முடிந்துவிடும். கேதார் மோதக்கின் மிட்டாய்க்கடையில் விடிந்ததுமே லூச்சி என்கிற வெள்ளைப் பூரி பொரிப்பார்கள். அதற்கு அடுத்தாற்போல் தையற்காரர் ரஹமத். அப்புறம் பொரி விற்கிற விதவை க்ஷீரோதா. எதிரே ஒரு வாடகை வீடு. அதன் கீழ்க்கட்டில் வைத்தீஸ்வரனின் மனைவி பாகீரதி மாமி பதினோரு தமிழ்க் குமாஸ்தாக்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மாமி மட்டும் இல்லாவிட்டால், கடுகெண்ணெய் வாசனைக்குப் பயந்து நாங்கள் பதினோரு பேரும் உத்தியோகத்தை விட்டுவிட்டு ஊருக்கு ரயில் ஏறியிருப்போம்.

வைத்தீஸ்வரன் மாயவரம் பக்கத்துக்காரர். மெட்ரிகுலேஷன் தேறி, ரங்கூனுக்குப் போவதாகக் கிளம்பி, கப்பலுக்குக் காத்திருந்தபோது கல்கத்தாவிலேயே ஒரு சணல் கம்பெனியில் வேலை கிடைத்துத் தங்கிவிட்டவர். ஒல்லி உடம்பு, காதில் கடுக்கன், தோளில் எப்போதும் இஸ்திரி போட்ட அங்கவஸ்திரம். அவருக்குச் சொத்து என்று ஒன்று இருந்தால் அது அவருடைய இங்கிலீஷ்தான். கம்பெனிக்கு வருகிற புகார்களுக்கெல்லாம் ‘முடியாது’ என்று பதில் எழுதுவது அவர் வேலை. அந்த ஒரு வார்த்தையை, கேட்டவன் நன்றி சொல்லிவிட்டுப் போகும்படி ஒரு பக்கத்துக்கு எழுதுவார்.

கல்லூரிக்குப் பையன்கள் பெருகினார்கள். ஹாஸ்டல் வேண்டும், லாபரட்டரி வேண்டும், வண்டி நுழைகிற மாதிரி ஒரு கேட் வேண்டும் என்று கமிட்டி தீர்மானம் போட்டது. சந்திலுள்ள கட்டிடங்களின் சொந்தக்காரர்கள் நல்ல விலைக்குச் சம்மதித்துவிட்டார்கள். வாடகைக்கு இருந்த கடைக்காரர்களுக்குத்தான் நோட்டீஸ் வந்தது. ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுக்கலாம், கமிட்டி பரிசீலித்துப் பதில் தரும் என்று அதில் கண்டிருந்தது.

முதல் நோட்டீஸ் கேதார் மோதக்குக்கு. அவர் ஒரு மண்சட்டி நிறைய ரஸகுல்லாவோடு வைத்தீஸ்வரன் வீட்டுக்கு வந்தார்.

“மத்ராஜி பாபு, எனக்காக நாலு வரி எழுத வேண்டும். பாட்டனார் வைத்த கடை அது. எனக்கு வேறு இடம் தெரியாது” என்று பெங்காலியில் கெஞ்சினார்.

வைத்தீஸ்வரன் இரண்டு சாயங்காலம் அவரை உட்காரவைத்து விசாரித்தார். எத்தனை வருஷமாகக் கடை, யார் யார் சாப்பிட வருகிறார்கள், எந்தப் பண்டிகைக்கு எவ்வளவு சந்தேஷ் போகிறது, எல்லாம் கேட்டுக்கொண்டு மூன்று தாள் எழுதினார். அந்த மனுவை செக்ரட்டரி மல்லிக் பாபு கமிட்டியில் உரக்கப் படித்தாராம். இரண்டு அங்கத்தினர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். கண்ணீர் விட்ட கமிட்டி கடையை விட்டுவிடவில்லை. மனு எழுதியவரைப் பிடித்துக்கொண்டது. அடுத்த மாதமே வைத்தீஸ்வரன் சணல் கம்பெனியை விட்டுவிட்டுக் கல்லூரியின் கடிதப் போக்குவரத்துக் குமாஸ்தா ஆனார்.

அவருக்குக் கொடுத்த முதல் வேலை, பதில் போகாமல் கிடந்த கேதாரின் மனுவுக்குப் பதில் எழுதுவது. ஒரே காலையில் எழுதி முடித்தார். மூன்று தலைமுறையாக நடந்த கடை நல்ல பெயர் சம்பாதித்திருக்கிறது, நல்ல பெயர் சுவரையும் கூரையையும் நம்பி இருப்பதில்லை, சொந்தக்காரர் எங்கே போனாலும் அது கூடவே போகும் என்பது பதிலின் சாரம். சாயங்காலம் அதைக் கேதாருக்கு அவரே பெங்காலியில் விளக்கியும் சொன்னார். கேதார், “நியாயமாகத்தான் இருக்கிறது” என்று சொல்லிப் பெரிய இரும்புச் சட்டியைக் கவிழ்த்து வைத்தார்.

அதற்கப்புறமாவது மற்றவர்கள் வேறு ஆளைப் பார்த்திருக்க வேண்டாமா? பார்க்கவில்லை. ரஹமத் வந்தார், க்ஷீரோதா வந்தாள். சாயங்காலம் வீட்டில் மனு, காலையில் ஆபீஸில் பதில். வைத்தீஸ்வரன் இதை மறைக்கக்கூட இல்லை. மல்லிக் பாபுவிடம் முதலிலேயே அனுமதி கேட்டார். இப்படிப்பட்ட மனுக்கள் வருவது கல்லூரிக்குக் கௌரவம் என்று அவரும் சந்தோஷமாகச் சம்மதித்தார். நான் ரஹமத்திடம் ஒரு நாள் சண்டைக்கே போனேன். “உங்களுக்கு எதிராக எழுதுகிறவரிடமே போய் எழுதச் சொல்கிறீர்களே, புத்தி இருக்கிறதா?” என்றேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, “வெளியாள் பதில் எழுதினால் அவனுக்கு நம் கஷ்டம் என்ன தெரியும்? இவருக்கு எல்லாம் தெரியும்” என்றார். நான் என்ன செய்ய? தலையில் அடித்துக்கொண்டேன்.

வைத்தீஸ்வரனிடமும் கேட்டேன். பந்தியில் எனக்குப் பக்கத்தில்தான் அவர் இலை.

“மனுவிலே ஏதாவது குறை வெச்சேனா, சொல்லு” என்றார்.

“இல்லை மாமா.”

“பதில்லே?”

“இல்லை.”

“பின்னே என்ன?” என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை காட்டினார்.

1912இல் சந்தில் மிச்சமிருந்தது எங்கள் மெஸ்தான். அதற்கும் நோட்டீஸ் வந்தது. பாகீரதி மாமி எங்கள் முன்னாலேயே அவரிடம் பேசினாள். பேச்சில் வளைவு நெளிவு தெரியாதவள் அவள்.

“ஊர்ல இருக்கறவாளுக்கெல்லாம் எழுதறேளே, எனக்கும் ஒண்ணு எழுதுங்கோ.”

“உனக்கு எழுதாம இருப்பேனா?”

“எழுதிக் குடுத்துட்டு, மறுநாள் அதுக்குப் பதில் எழுதாம இருங்கோ. நான் கேக்கறது அவ்வளவுதான்.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. “அது ஆபீஸ் காரியமாச்சே, பாகீரதி.”

“கல்யாணமாகிப் பதினாலு வருஷமா உங்க பின்னாடி வந்துண்டிருக்கேன். எனக்குன்னு ஒண்ணும் கேட்டதில்லை. இந்த அடுப்பு நான் மூட்டினது. பதினோரு பேர் இதை நம்பி இருக்கா. இதை விட்டுட என்னால முடியாது.”

“பாக்கறேன்” என்றார். அவர் ‘பார்க்கிறேன்’ என்றதை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். எங்களைப்போல மடையர்கள் உண்டா?

மூன்று சாயங்காலம் உட்கார்ந்து அந்த மனுவை எழுதினார். கல்கத்தாவில் அனாதையாக வந்து இறங்கும் ஒரு வாலிபனுக்கு முதல் வாய் சோறு எப்படி இருக்கும் என்று ஒரு பாரா எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு நான் அழுதேன், ஒப்புக்கொள்கிறேன். அவரும் அழுதார். அது நிஜமான கண்ணீர். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. வெள்ளிக்கிழமை மாமி தன் கையாலேயே மனுவைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை ஆபீஸில் நடந்ததைப் பிற்பாடு அவரே எனக்குச் சொன்னார். பன்னிரண்டு மணி வரைக்கும் பேனாவைத் தொடவில்லையாம். பதில் எழுத முடியவில்லை என்று மல்லிக் பாபுவிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்துகூட நின்றாராம். அப்போதுதான் மனுவில் ஒரு ஓட்டை இருப்பது கண்ணில் பட்டது. கண்ணில் பட்டபின் அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

பதில் இப்படிப் போயிற்று: குடும்ப ஸ்திரீயின் மனு அவளுடைய புருஷனின் மனுவே ஆகும். புருஷன் கல்லூரிச் சிப்பந்தி. சிப்பந்திகள் கல்லூரிக்கு எதிராக மனுச் செய்ய விதி இடம் கொடுப்பதில்லை. செய்ய முடியாத ஒன்றைச் செய்திருக்கவும் முடியாது. ஆகையால் அப்படி ஒரு மனு வரவேயில்லை. வராத மனுவுக்குப் பதிலும் தேவையில்லை. இந்தக் கடிதத்தையும் பதிலாகக் கருதக் கூடாது.

கமிட்டியில் கை தட்டினார்களாம். அன்றைக்கே அவரை ஹெட் கிளார்க் ஆக்கினார்கள்.

சாயங்காலம் நாங்கள் இலையில் உட்கார்ந்திருந்தபோது வந்து, சமையலறை வாசலில் நின்று, அதை வரி வரியாகத் தமிழில் மாமிக்குச் சொன்னார். மாமி ரசக்கரண்டியோடு நின்று கேட்டாள்.

“நன்னாத்தான் எழுதியிருக்கேள். நான் மனுவே குடுக்கலைன்னு ஆயிடுத்து” என்றாள்.

“ரூல் அப்படி.”

“அந்த ரூல் இருக்குன்னு அவாளுக்குத் தெரியுமோ? நீங்கதானே எடுத்துக் குடுத்திருக்கேள்?”

அவர் அங்கவஸ்திரத்தை எடுத்துச் சரியாகப் போட்டுக்கொண்டார்.

“எனக்கு மனசு விட்டுப்போச்சு” என்று மாமி சொன்னாள். அப்புறம் பதினோரு பேருக்கும் மோர் விட்டாள், அவருக்கும் விட்டாள்.

இரண்டு வாரத்தில் பாத்திரங்கள் வண்டியேறின. மாமியின் தங்கை காமு ஹவுராவில் இருந்தாள்; அவள் புருஷனுக்கு ரயில்வேயில் வேலை. ஸ்டேஷன் பக்கம் தமிழ்க் குமாஸ்தாக்கள் நிறையப் பேர் சோற்றுக்குத் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். காமு வீட்டுக் கீழ்க்கட்டில் மாமி மறுபடி அடுப்பு மூட்டினாள். எங்களில் ஏழு பேர் பெட்டி படுக்கையோடு ஆற்றைத் தாண்டிப் போனோம். வைத்தீஸ்வரனுக்குக் கல்லூரி புதுக் கட்டிடத்திலேயே ஓர் அறை ஒழித்துக் கொடுத்தது. ஹெட் கிளார்க் அங்கேயே இருந்தாக வேண்டும். அறையில் அடுப்பு மூட்டக் கூடாது என்று ஒரு விதி. அதையும் அவர்தான் எழுதியிருந்தார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவருக்கு வழக்கம்போல் பசித்தது. அங்கவஸ்திரத்தைப் போட்டுக்கொண்டு சந்தில் இறங்கி நடந்தார். கேதார் கடை இருந்த இடத்தில் லாபரட்டரிச் சுவர். க்ஷீரோதா பொரி விற்ற இடத்தில் கேட். டிராம் ரோடு வரைக்கும் போனால் ஒரு சாப்பாட்டுக் கடை உண்டுதான். வாசலிலேயே மீன் பொரிந்துகொண்டிருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்து மேஜைமுன் உட்கார்ந்தார்.

அங்கே ஒரு மனு காத்திருந்தது. கல்லூரிப் பையன்கள் இருநூறு பேர் கையெழுத்துப் போட்டது. முன்பெல்லாம் இந்தச் சந்திலேயே லூச்சி கிடைத்தது, பொரி கிடைத்தது. இப்போது சந்து முழுக்கத் தேடினாலும் வாயில் போட ஒன்றுமில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு இடம் தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மல்லிக் பாபு சொன்னார்: “கமிட்டியில் பாதிப் பேர் கொடுக்கலாம் என்கிறார்கள், பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். நீங்கள் எப்படி எழுதுகிறீர்களோ அப்படியே வைத்துக்கொள்வோம்.”

இதை அவரே ஹவுராவுக்கு வந்து சொன்னார், அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ஆறு நாளாகப் பழமும் பாலுமாக ஓட்டியிருக்கிறார்; கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மாமி ஒன்றும் கேட்காமல் எனக்குப் பக்கத்தில் இலை போட்டாள். இரண்டு தடவை சாதம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் அவர் நிமிர்ந்தார்.

“அந்தக் கடையை உனக்கே வாங்கிக் குடுத்திருக்கலாம், பாகீரதி. ‘ஆகட்டும்’னு ஒரு வரி எழுதினாப் போதும். எழுதத்தான் உக்காந்தேன்.”

“அப்பறம்?”

“எனக்கு அது எழுத வரலை. இத்தனை வருஷத்திலே ஒரு தடவைகூட எழுதினதில்லை. பசங்க மனுவோ, வரிக்கு வரி ஓட்டை.”

அவர் கண் கலங்கியிருந்தது. பாவமாக இருந்தது எனக்கு, பொய் சொல்லவில்லை. அப்புறம் சட்டைப்பைக்குள்ளிருந்து நாலாய் மடித்த தாளை எடுத்து, என் பக்கம் திரும்பி, “கேக்கறயா?” என்றார்.

படித்தார். பசி வேளை பார்த்து வருவது. வேளை தவறாமையைக் கற்றுக்கொடுக்கவே கல்லூரி இருக்கிறது. ஆகையால் வேளைக்குப் பசிக்கிற மாணவன் கல்வியில் பாதியை அடைந்துவிட்டான். கடை ஒன்று வைத்து அந்தக் கல்வியைக் கெடுக்கக் கமிட்டிக்கு மனம் வரவில்லை. இப்படி நாலு பக்கம். ஒரு வார்த்தையை எடுத்து வெளியே போட முடியாது.

என் வாய் சும்மா இருக்கவில்லை. “சபாஷ்” என்று சொல்லிவிட்டேன்.

மாமி குனிந்து அவர் இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் மோருக்காகக் கையைக் குவித்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் திரும்பி வரவில்லை.