மேற்குச் சுவரில் ஆறு மீட்டர்

சிலாஸிடம் ஒரு வியாதி உண்டு. எந்த ஒயரையும் அளவாக வெட்ட அவருக்கு மனசு வராது. ஹைதராபாத் மல்லாபூரில் ஒரு கேபிள் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். எங்கே கேபிள் இழுத்தாலும் நாலைந்து மீட்டர் கூடுதலாக விட்டு, வட்டமாகச் சுருட்டி, அடையாளத்துக்கு டேக் போட்டு, சுவரில் அழகாக மாட்டிவிடுவார். நாளைக்கு நுனி கெட்டுப்போனால் வெட்டிப் புதுசாகப் போட வேண்டாமா, அப்போது வருகிறவன் நம்மைத் திட்டக் கூடாதே என்பார். லோத்குண்டாவில் இருக்கும் தன் வீட்டு டிவிக்குப் பின்னாலும் இதே கதைதான். தூசி தட்டும்போதெல்லாம் அவர் மனைவி ரேச்சல், "கைக்கு இத்தனை சுருள்? நம்ம வீட்டுக்கு நக்கோ!" என்று, ஏன் என்பதற்குக் கைக்கு, வேண்டாம் என்பதற்கு நக்கோ என ஹைதராபாத் பாஷை கலந்து சத்தம் போடுவாள். யார் கேட்டது?

கம்பெனியை மூடிய பிறகு, ஐம்பத்திரண்டு வயதில், ஊருக்கு வெளியே ஒரு ஆராய்ச்சி மையத்தில் டெக்னீஷியன் வேலை கிடைத்தது. அந்த வயதில் யார் கூப்பிட்டு வேலை கொடுக்கிறார்கள்? கர்த்தர் கொடுத்த வேலை என்றே சொல்லிக்கொண்டு போய்வந்தார். அங்கே ஒரு பெரிய ரேடியோ டிஷ் இருக்கிறது. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வேறொரு ஊரில் இன்னொன்று. வானத்தில் ஒரு நட்சத்திரம் அனுப்பும் ரேடியோ அலை எந்த டிஷ்ஷுக்கு எவ்வளவு முந்தி வந்தது, எவ்வளவு பிந்தி வந்தது என்று பார்த்து, அது இருக்கும் இடத்தைக் கணக்குப் போடுவார்கள். ரேடியோ ஆனபடியால் பட்டப்பகலிலும் வேலை நடக்கும்.

அந்த வேலையில் மூன்று வருஷமாகத் தலையைக் கொடுத்திருந்தவள் சௌம்யா. கோயம்புத்தூர்ப் பெண், பி.எச்.டி. மாணவி. ஒரு மே மாதப் பிற்பகலில் தட்டு நிறைய ஜிலேபியோடு ஓடிவந்தாள்.

"சிலாஸ் அங்கிள், நட்சத்திரம் அசையுதுங்க!"

"அசையட்டும்மா, முதல்ல உட்காரு. கைக்கு அசையுது?"

அவள் தன் மூக்குக்கு நேராக ஒரு விரலை நிறுத்தினாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் விரல் ஒரு பக்கம், மறு கண்ணை மூடினால் இன்னொரு பக்கம். பூமி சூரியனைச் சுற்றும்போது பக்கத்து நட்சத்திரமும் அப்படித்தான், வருஷத்துக்கு ஒரு தடவை ஆடினமாதிரி தெரியும். எவ்வளவு ஆடுகிறது என்று தெரிந்தால் எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம். "மே மாசம் ஒரு ஓரத்துல நிக்குது, நவம்பர்ல மறு ஓரம். நல்லா பெருசாவே ஆடுதுங்க. திங்கட்கிழமை பேப்பர் அனுப்பறோம்!"

சிலாஸ் வாயில் ஜிலேபி அப்படியே நின்றது. "மே மாசம் எத்தனை மணிக்கும்மா அதைப் பார்க்கறீங்க?"

"மத்தியானம் மூணு மணிக்குங்க. அதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி, அசையவே அசையாத ஒரு தூரத்துப் பொருளைப் பார்த்து அளவு வச்சுக்குவோம். நவம்பர்ல ரெண்டுமே ராத்திரிலதான் வரும்."

அவர் எழுந்து டிஷ்ஷை ஒட்டிய ஷெட்டின் மேற்குச் சுவருக்குப் போனார். டிஷ்ஷிலிருந்து அலையைக் கொண்டுவரும் கேபிளில், மூன்று வருஷத்துக்கு முன் அவரே கூடுதலாக விட்டு மாட்டிய சுருள். ஆறு மீட்டர். ஒரு மணி வரைக்கும் அங்கே நிழல். மூன்று மணிக்கோ நேர் வெயில். தொட்டார், கை சுட்டது. சூட்டில் கேபிள் கொஞ்சம் நீளும், அலை வந்துசேரக் கொஞ்சம் தாமதமாகும். ஒரு சென்டிமீட்டர் கூட இராது. ஆனால் அந்தப் பெண் தேடுவதும் அந்த அளவைத்தானே! மே மாதத்தில் அளவு வைப்பது நிழலில், நட்சத்திரத்தைப் பார்ப்பது வெயிலில்; நவம்பர் ராத்திரியில் இரண்டுக்குமே சூடு கிடையாது. அப்படியென்றால் வருஷத்துக்கு ஒரு தடவை ஆடியது நட்சத்திரமா, தன் சுருளா?

சொன்னால் சௌம்யாவின் மூன்று வருஷம் போச்சு, தன் வேலையும் போகலாம். சொல்லாவிட்டால் ஒரு ஈ காக்காய்க்கும் தெரியப்போவதில்லை. கேட்டுக்கு வெளியே போய் ஒரு சாய் குடித்தார். இன்னொன்றும் வாங்கினார். அதைப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, அவள் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

சௌம்யாவின் முகம் வெளுத்துப்போனது. அவளுடைய பேராசிரியர் ஜகதீசன் கத்தித் தீர்த்தார். "இத்தனை வருஷ அனுபவம்! கேபிளைக் கொண்டுபோய் வெயில்ல மாட்டுவீங்களா?" சிலாஸ் தலையைத் தொங்கப்போட்டு நின்றார். கோபத்தோடு சுருளை வெட்டி எறியப் போன பேராசிரியரைச் சௌம்யாதான் தடுத்தாள்.

"வேண்டாங்க சார். எந்த வெயிலுக்கு எவ்வளவு தாமதம்னு இதையே வச்சு அளந்துடலாம். மூணு வருஷ வெயிலும் நம்ம பதிவுல இருக்கு. கழிச்சுப் பார்த்துடலாம்."

கழித்த பிறகு ஆட்டம் மிச்சம் இருந்தால் அவள் பிழைத்தாள். இல்லாவிட்டால் எல்லாம் பூஜ்ஜியம்.

அந்த மூன்று வாரம் சிலாஸ் பட்ட பாடு இருக்கிறதே! ஹைதராபாத் மே மாத வெயில், தலையில் ஈரத்துண்டு, பக்கத்தில் மோர் பாட்டில். அரைமணிக்கு ஒருதரம் சுருளின் சூட்டையும் தாமதத்தையும் அளந்து எழுதினார். நிழலுக்கு வாங்க என்று சௌம்யா கூப்பிட்டால், "ஹவ், ஆமா, இதோ" என்பார், வர மாட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கணக்கு முடிந்தது. திரையில் இருந்ததை அவள் மறுபடி முதலிலிருந்து சரிபார்த்தாள். சிலாஸ் வாசலிலேயே நின்றார், உள்ளே வரப் பயம்.

"ஆடுதுங்க அங்கிள்," என்றாள் மெதுவாக. "முன்னைக்குப் பாதிதான். ஆனா நிஜமாவே ஆடுது. நாம நினைச்சதைவிட ரெண்டு பங்கு தூரத்துல இருக்குது."

"அவ்வளவு தூரமா!" என்றார் அவர். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று உதடு முணுமுணுத்தது. பேப்பர் ஒரு மாதம் தாமதமாகப் போனது. வேலையும் போகவில்லை. சுருள் மட்டும் நிழலுக்குக் கூட மாற்றப்படாமல் ஒரேயடியாக வெட்டப்பட்டது, அதை அவரே வெட்டினார்.

செகந்திராபாத்தில் அவர்கள் போகும் தமிழ்ச் சபையில், நன்றி சொல்ல நினைப்பவர்கள் ஒரு கவரில் பேரும் ஏரியாவும் காரணமும் எழுதிக் காணிக்கையாகப் போடுவார்கள். பாஸ்டர் அதை எல்லோருக்கும் வாசிப்பார். மகளுக்குச் சுகப்பிரசவம், மகனுக்கு விசா, இப்படி. பேப்பர் அனுப்பிய வாரத்து ஞாயிறன்று பட்டியலின் நடுவில் பாஸ்டர் இப்படியொன்றை வாசித்தார்.

"சௌம்யா. நாச்சாரம். 'சிலாஸ் அங்கிள் அன்னைக்கு வாயை மூடிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகலை. அதுக்காக.'"

சிலாஸ் திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தார். ரேச்சல் பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அந்தப் பொண்ணுதான் வீடு தேடி வந்து கவரைக் கொடுத்துச்சு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற," என்றாள். பிறகு தன் கைக்குட்டையை எடுத்து அவர் மடியில் வைத்தாள், ஏனென்றால் அதற்குள் அவர் எல்லோர் முன்னாலும் அழத் தொடங்கியிருந்தார்.