உலைக் கண்

மகளும் அம்மாவும் சேர்ந்து செய்த கடைசி வேலை, வீட்டு அடுப்பின் ரப்பர் குழாயில் சோப்பு நுரை தடவிப் பார்த்தது. வளைவில் ஒரு குமிழ் உப்பி வெடித்தது.

"ஊரார் உலைக்கெல்லாம் சீல் வைக்கிற ஆபீசர் வீட்டு லட்சணத்தைப் பாரு," என்றாள் மகள்.

"வாயை மூடுடி. சாயங்காலம் புதுசு வாங்கிட்டு வரேன்." அம்மா சிலிண்டரை மூடினாள்.

அம்மா எரிபொருள் ஆய்வாளர். ஆலைகள் டயர் எரிப்பதை விட்டு எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்று மாநிலம் சட்டம் போட்டது. இதுதான் நாட்டுக்கே முன்மாதிரி என்று மேடையில் பேசினார்கள். மேடைக்குக் கீழே அடி வாங்கியது அம்மா. ஜீப் கண்ணாடியை நொறுக்கினார்கள். ஓர் ஆலையில் கொதிநீரை வீசினார்கள். முழங்கைத் தோல் உரிந்து தொங்கியது. கட்டுப் பிரிக்கும் முன்பே போய் அதே உலைக்குச் சீல் வைத்தாள்.

மீட்டரை அவள் நம்பமாட்டாள். உலைக் கதவின் சிறு துளையில் ஒற்றைக் கண்ணை வைத்துத் தீயின் நிறம் பார்ப்பாள். எரிவாயு என்றால் நீலம். டயர் என்றால் அழுக்கு மஞ்சள்.

"நீ குனிஞ்சா முதுகை யாரும்மா பாக்கறது?" பர்னர் பொறியாளரான மகள் பலமுறை கேட்டிருக்கிறாள்.

"முதுகுல கண்ணு வெச்சா பெத்தாங்க?"

நுரை தடவிப் பார்த்த அன்று அம்மா ஆய்வுக்குப் போன ஆலையைப் பார்க்க மறுநாள் வெளிமாநிலக் குழு வருவதாக இருந்தது. முன்பக்கம் புது எரிவாயுக் குழாய் மின்னியது. பின்பக்கம் டயர்த் துண்டுகள்.

"ஒரு நாள் பொறுங்கம்மா. மாநிலத்தோட மானமே இங்க நிக்குது," என்றார் முதலாளி.

"மானம் புகைபோக்கி வழியா போயிட்டிருக்கு. நகருங்க."

துளையில் கண் வைக்கக் குனிந்தாள். ஆலை மேஸ்திரி தீக் கிளறும் கம்பியை ஓங்கிப் பிடரியில் இறக்கினான். முகம் பழுக்கக் காய்ந்த இரும்புக் கதவில் மோதியது. விழுந்தவளை மறுபடியும் அடித்தான். மண்டை உடைந்த சத்தம் வாசலில் இருந்த ஜீப் டிரைவருக்குக் கேட்டது.

"தூக்கும்போது மூச்சு இருந்துச்சு பாப்பா. 'மஞ்சள்'னு ஒரே வார்த்தை. அப்புறம் பேச்சில்லை," என்றார் டிரைவர் மகளிடம், பிணவறை வாசலில். அம்மா கையில் இறுகியிருந்த, உலைக்குச் சீல் வைக்கும் கம்பியைப் பிரித்தெடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

குழுவை வேறு ஆலைக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே தீ நீலமாக இருந்ததாம், கைதட்டினார்களாம்.

மகள் வீடு திரும்பினாள். அம்மா மூடிய சிலிண்டர் மூடியபடி இருந்தது. குழாயின் வளைவில் நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. புதுக் குழாய் இன்னும் வாங்கவில்லை.