தூங்காத ஒரு மணி நேரம்

பதிவுக் கோப்புகளைக் கிஸ்லான் உதட்டால்தான் படிப்பாள். ஒவ்வொரு வரியையும் முணுமுணுத்து, வேண்டாத வரி வந்தால் 'ச்சு' கொட்டுவாள். ஃபெஸ் நகரில் ஆம்புலன்ஸ் அனுப்பும் ஒரு நிறுவனத்தில், மென்பொருள் எதை எழுதிவைக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று அமைத்துக்கொடுப்பது அவள் வேலை. "எல்லாத்தையும் எழுதினா எதையுமே எழுதாத மாதிரிதான்" என்பாள். வரியைச் சுருக்குவதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

நோன்பின் மூன்றாம் நாள் மதியம் அந்த முணுமுணுப்பு நின்றுபோனது. நேற்றைய பதிவில், அழைப்பு வந்தது 11:10. வண்டி கிளம்பியது 12:13. நெஞ்சுவலிக்காரர் இறந்துவிட்டார், மகன் புகார் கொடுத்திருக்கிறார். வண்டி அனுப்பும் மேசையில் இருந்த மிலூதாவுக்கு இரண்டு மணிக்கு விசாரணை.

"நோன்புக் கிறக்கத்துல கண்ணசந்துட்டீங்க போல, லல்லா" என்று மிலூதாவை மரியாதையாகவே விளித்தார் மேலாளர் தஹாமி. "ஒத்துக்கிட்டா வேலையோட போயிடும். இல்லேன்னா போலீஸு."

"மூணே நிமிஷத்துல அனுப்பினேன். டிரைவரைக் கேளுங்க."

"அவன் உங்க தங்கச்சி புருஷன். ஹரீரா சூப்பு ருசியான்னு கிண்டினவளையே கேக்கவா?"

மிலூதா கிஸ்லானின் நாற்காலியை இறுகப் பிடித்தாள். "உன் மெஷின் பொய் சொல்லுதுடி."

மெஷின் பொய் சொல்லாது என்று சொல்ல வாயெடுத்த கிஸ்லான் அப்படியே நிறுத்தினாள். ஒரு மணி நேரம், மூன்று நிமிடம். போன ஞாயிற்றுக்கிழமைதான், வருடா வருடம் போல, நோன்புக்காக நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியது. அழைப்பை வாங்கும் கணினியிடம் மணி கேட்டாள்: 1:41. வண்டி அனுப்பும் கணினியிடம் கேட்டாள்: 2:41. அது பழைய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதன் 12:13 உண்மையில் 11:13.

எந்த நேரக் கணக்கு என்று சொல்லும் '+00', '+01' போன்ற வால் ஒவ்வொரு வரியிலும் இருந்திருந்தால், பார்த்தவுடன் தெரிந்திருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் அதை நறுக்கியவள் கிஸ்லானேதான். "நம்ம ஊருக்கு ஒரே நேரம்தானே" என்று அன்று சிரித்ததும் நினைவிருக்கிறது.

இரண்டு திரைகளையும் தஹாமி மாறி மாறிப் பார்த்தார். குரல் தணிந்தது. "சரி, கம்ப்யூட்டர் கோளாறுன்னு போட்டுடலாம். யாருக்கும் தலைவலி இல்ல."

மிலூதா முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

விசாரணைத் தாள் மேசையில் கிடந்தது. 'தவறு செய்தவர்' என்ற கட்டத்தில் மிலூதாவின் பெயர் முன்பே எழுதியிருந்தது. கிஸ்லான் தஹாமியின் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். அந்தப் பெயரை அடித்தாள். பக்கத்தில் தன் பெயரை, தகப்பன் பெயரும் சேர்த்து, நிதானமாக எழுதினாள்.