இரண்டாம் செயலாளர் வாக்குக் கொடுத்த வரலாறு

கோல சிலாங்கூர் கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டைக் கையுறைகளைப் பொறுக்கி ஒதுக்குவது தனேஸ்வரியின் வேலை. பதினாறு வருட அனுபவம். காற்று எங்கே கசிகிறது என்பது அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

அவள் தம்பி விமலன் ஆபீஸ் வேலை என்று நம்பி வெளிநாடு போனான். அங்கே ஒரு கட்டடத்தில் பூட்டி வைத்து, போனில் ஊரை ஏமாற்றச் சொல்லி அடித்தார்கள். தனேஸ்வரி அந்த நாட்டிலிருந்த நம் தூதரகத்துக்கு இரண்டு மாதம் மின்னஞ்சல் எழுதினாள். விவகாரம் கனிவுடன் கவனத்தில் கொள்ளப்பட்டதாக ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. அத்தனை கனிவுக்குப் பிறகும் விமலன் அங்கேயே இருந்தான். புதன்கிழமை தன்னை எல்லை தாண்டி வேறு கும்பலிடம் விற்கப்போகிறார்கள் என்று சனிக்கிழமை கிசுகிசுத்துவிட்டு போனை வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்து முனியாண்டி கோயில் திருவிழா. அதே தூதரகத்தின் இரண்டாம் செயலாளரும் தோட்டத்தில் கணக்கெழுதிய பழைய கிராணியின் மகனுமான மாண்புமிகு சேது விடுப்பில் வந்திருந்தார். கோயில் தலைவர் சிவானந்தம் அவருக்கு முதல் மரியாதை செய்தார். அரசதந்திரியின் அரும்பணி குறித்துச் சேது நாற்பது நிமிடம் முழங்கினார். அமைச்சர்களை விமான நிலையத்தில் வரவேற்பது, அமைச்சர் மனைவிமாரைக் கடைக்கு அழைத்துப் போவது, விருந்துகளில் யார் மனமும் கோணாமல் சிரிப்பது. நாட்டின் மானம் இவற்றில்தான் தொங்குகிறதாம்.

பேச்சு முடிந்ததும் தனேஸ்வரி தாம்பாளத்தில் கற்பூரம் ஏற்றி அவர் முன் நீட்டினாள். தோட்டத்து லய வீடுகளில் எல்லாரும் குடியிருந்த காலத்திலிருந்து அங்கே வாக்கு வாங்க அதுதான் வழக்கம். எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்ன வார்த்தையை எவனும் மீறியதில்லை.

"இன்னிக்கே பேசி விமலன வெளிய எடுக்கிறேன்னு அணைங்கண்ணே."

"இதுக்கெல்லாம் புரோசிஜர் இருக்கு தங்கச்சி."

"அத முனியாண்டிகிட்ட சொல்லுங்க."

சேது கைகட்டி நின்றார். கற்பூரம் தானாக எரிந்து அணைந்தது. நெருப்பு தானாக அடங்கும்வரை அசையாமல் நிற்பதே அவர் கற்ற வித்தையின் சாரம். தனேஸ்வரி இன்னொரு கட்டியை வைத்தாள். பிறகு இன்னொன்று. பொட்டலம் நிறைய இருந்தது.

முதல் மரியாதை வாங்கியவர் இலையில் உட்காராமல் அங்கே யாரும் சாப்பிட முடியாது. ஆட்டுக்கறி ஆறிக்கொண்டிருந்தது. முந்நூறு பேர் சேதுவைப் பார்த்த பார்வையில் நட்புறவு எதுவும் இல்லை.

"ஒரு போன்தானே சார், பண்ணிருங்கலா," என்றார் லோரி ஓட்டும் வீரன்.

ஐந்தாவது கட்டியைச் சேது அணைத்தார். கையை உதறிக்கொண்டே அந்த நாட்டுப் போலீஸ் அதிகாரி ஒருவரை அழைத்தார். முதலில் அடுத்த வாரக் கோல்ஃப் ஆட்டம் பேசினார், பிறகு கட்டடத்தின் முகவரி. நான்கு நிமிடம். இரண்டு மாதம் நகராத கோப்பு அதற்குள் நகர்ந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை அந்த நாட்டுப் போலீஸார் கட்டடத்தின் கதவை உடைத்தார்கள். வெள்ளிக்கிழமை விமலன் விமான நிலையத்தில் வெறுங்காலோடு வந்து இறங்கினான். நீண்ட, நுட்பமான அரசதந்திர முயற்சியின் வெற்றி என்று பதாகை பிடித்திருந்தார்கள். அதன் கீழே அவனை நிறுத்தி, சேது தோளில் கை போட்டுச் சிரித்தார். வெளிச்சம் போதவில்லை என்று படம் எடுத்தவர்கள் மறுபடி நிற்கச் சொன்னார்கள்.

தனேஸ்வரி கூட்டத்தைத் தடுத்துக் கட்டியிருந்த கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே போனாள்.

"எடுத்தது போதும்ணே. கைய எடுங்க, அவனுக்குத் தோள்ல அடி."