பள்ளம் அக்கா

குளியலறைக் கதவு ஏழரை மணிக்கே தாழிட்டாகிவிட்டது. உள்ளே பள்ளம் அக்கா, தட்டில் குவித்த ஈரமணல்மேல் குவளைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருக்கிறார்.

"எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு!" என்று வெளியே கணவர், தோளில் துண்டோடு.

"ரெண்டே நிமிஷம் இருங்க. இப்பதான் ஆறு திரும்புது."

கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குப் பள்ளத்தாக்கு அமைப்பது அக்காவின் வேலை. ஆடுகிறவர் குதிரையில் வந்து எட்டிப் பார்க்கும் செங்குத்துப் பாறைச் சுவர்கள், அடியில் நெளியும் ஆறு எல்லாம் இவர் கைவண்ணம். மற்றவர்கள் பாறையிலிருந்து தொடங்குவார்கள், இவர் தண்ணீரிலிருந்து. "தண்ணி வந்த வழி தெரியாம வெட்டினா அது பள்ளத்தாக்கு இல்ல, குழி." பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசல் விட்டபோது, கொத்தனாரை ஒரு வாரம் கழித்து வரும்படி கெஞ்சியவர். அது எந்தப் பக்கம் வளர்கிறது என்று பார்க்கணுமாம். அலுவலகத்தார் வைத்த பட்டப்பெயரிலும் வருத்தமில்லை. "முன்ன செடிகொடி வரைஞ்சப்ப புதர் அக்கான்னாங்க. இது பிரமோஷன்."

மூன்று மாதமாகச் செதுக்கிய பள்ளத்தாக்குக்கு இன்று நாலு மணிக்குத் தீர்ப்பு. மேலாளர் நேற்றே சொல்லிவிட்டார்: "ஆழமே தெரியலையேம்மா, சாக்கடை மாதிரி இருக்கு. நாளைக்கும் இப்படியே இருந்தா மூடிட்டு ரோடு போட்டுரலாம்."

அலுவலகம் போனதும் போகாததுமாக அக்கா திரையில் தோண்டத் தொடங்கினார். நானூறு அடி, எண்ணூறு அடி. தோண்டத் தோண்ட அடி இருண்டது. சாக்கடை ஆழமான சாக்கடை ஆயிற்று, அவ்வளவுதான்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போனவர் ஐந்தாம் மாடி சன்னலருகே நின்றுவிட்டார். கீழே யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். தபால்தலை அளவில் ஒரு சட்டை. அக்காவின் கால் தானாக ஓர் எட்டுப் பின்வாங்கியது.

திரும்பி வந்து, தோண்டியதில் பாதியைத் தூர்த்தார். ஆற்றங்கரையில் இரண்டு குச்சி நட்டு, கொடி கட்டி, ஒரு சிவப்புச் சட்டையைக் காயப்போட்டார்.

நாலு மணிக்கு அக்கா தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசை விளிம்பில் வைக்க, மேலாளர் திரையருகே குனிந்தார். குதிரை விளிம்பில் வந்து நின்றது. அடியில், அரிசியளவுச் சட்டை காற்றில் ஆடியது.

"யம்மாடி! இன்னும் எத்தனை அடி தோண்டினீங்க?"

"அத விடுங்க சார். ரோடு போட்டுரலாமா?"

"ரோடா? யாரு சொன்னா? மொதல்ல அந்தக் குதிரையப் பின்னால இழுங்க."

அக்கா இழுத்தார். பிறகு, மேசை விளிம்பை இறுகப் பற்றியிருந்த மேலாளரின் விரல்களுக்கு அடியிலிருந்து, தன் மூக்குக் கண்ணாடியை உடையாமல் மெள்ள உருவிக்கொண்டார்.